மூணு கேப்சர் குச்சி வாங்கியாச்சு, ஒண்ணுகூட தாங்கல (டெக், கல்யாண கேசட்டு, விண்டோஸ் 10)

பிப்ரவரி 3, சனி, ராத்திரி 11:20

நேரா கேள்விக்கு வந்துடறேன். டெக்குல (விசிஆர்) ஓடுற வீடியோ கேசட்டை லேப்டாப்புல ஏத்துறதுக்கு யூஎஸ்பி குச்சி விக்கிறாங்களே, ஒரு பக்கம் மஞ்சள் சிவப்பு வெள்ளை ஓட்டை, இன்னொரு பக்கம் யூஎஸ்பி, அதை வச்சு யாராவது ஒரு முழு கேசட்டு ஏத்தி முடிச்சிருக்கீங்களா? என்னைக் கேட்டா இதுங்க எல்லாமே குப்பை. முதல் குச்சி ஆன்லைன்ல 450 ரூபா, ரெண்டாவது சென்னை போனப்ப ரிச்சி தெருவுல பேரம் பேசி 600, மூணாவது திருச்சியிலயே ஒரு கடையில 1200. மூணும் பாதியில செத்துப்போகுது.

டெக் மாமா துபாய்ல இருந்து தூக்கிட்டு வந்த பானாசோனிக், இன்னும் ஓடுது. கேசட்டு அப்பா அம்மா கல்யாணம், 1989 ஆவணி, மூணு மணி நேர கேசட்டு. வர்ற மாசம் அவங்களுக்கு ஒரு விசேஷம் வச்சிருக்கோம், அதுக்குள்ள ஏத்தி டிவியில போட்டுக் காட்டணும்னு ஆசை.

பிரச்சினை என்னன்னா சில நேரம் ரெக்கார்டு தானா நின்னுடுது, சில நேரம் டுடுங்னு சத்தம் போட்டு குச்சியே காணாம போயி திரும்ப வருது, சில நேரம் திரை பூரா பச்சை. ஒருவாட்டி படம் கறுப்பு வெள்ளையா ஊஞ்சல் மாதிரி மேல கீழ ஆடுச்சு.

பிப்ரவரி 4, ஞாயிறு, காலைல

கறுப்பு வெள்ளை விஷயம் மட்டும் முடிஞ்சது. சாஃப்ட்வேர்ல என்டிஎஸ்சின்னு (அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை) இருந்தது, நம்ம ஊர் கேசட்டு பால் (PAL) முறை. 525 கோடுன்னு நினைச்சுக்கிட்டு 625 கோடு படத்தைப் படிச்சா ஆடத்தான் செய்யும். பால்-பி மாத்தினதும் அம்மாவோட கூரைப்புடவைக்கு நிறம் வந்துடுச்சு. அரக்குன்னுதான் இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தாங்க, வீடியோல சுத்தமா மிளகாய்ப்பழ சிவப்பு. கேசட்டு பொய் சொல்லுதுன்னு அம்மா சொல்றாங்க. சிவப்பு மட்டும் பழைய கேசட்டுல வழிஞ்சு நிக்கும்ங்கிறது உண்மைதான், அதனால வாயை மூடிக்கிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு, சாயங்காலம்

ஒரு விஷயம் உறுத்துது. தானா நிக்குதுன்னு சொன்னேன்ல, அதை இன்னிக்கு மணி பார்த்து குறிச்சேன். முதல் தடவை 3 நிமிஷம் 25 செகண்டு. ரெண்டாவது 3:25. மூணாவது வேற குச்சி, அதுவும் 3:25. சூடாகி சாகுற பொருள் இப்படி அலாரம் வச்ச மாதிரி சாகுமா?

பிப்ரவரி 4, ராத்திரி 10 மணி

செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு.

லேப்டாப்புல இடம் இல்லைன்னு பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குல ரெக்கார்டு பண்ணிட்டிருந்தேன். அது ஃபேட்32 ஃபார்மேட். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது. நான் சுருக்காம அப்படியே எடுத்துட்டிருந்தேன், அதாவது 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம், ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட், செகண்டுக்கு 25 படம். பெருக்கிப் பாருங்க, செகண்டுக்கு 2,07,36,000 பைட். சவுண்டுக்கு இன்னொரு 1,92,000. 4 ஜிபியை இதால வகுத்தா 205 செகண்டு. அதாவது 3 நிமிஷம் 25 செகண்டு, முடி அளவுகூட பிசகல.

ரெண்டாவது குச்சி வாங்கினதே இந்த 3:25 சாவைப் பார்த்துத்தான். அந்த 600 ரூபா அநியாயமா போனது.

ஹார்ட் டிஸ்க்குல இருந்ததை வேற இடத்துக்கு மாத்திட்டு அந்த 4 ஜிபி தொல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் போட்டாச்சு. கூடவே இனிமே சுருக்காம எடுக்கப் போறதில்ல, மணிக்கு 75 ஜிபி தின்னுது. வர்ச்சுவல்டப்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஹஃப்யுவ்ங்கிற சுருக்கு முறை வச்சு எடுத்தா தரம் துளிகூட குறையாது, என் கேசட்டுக்கு மணிக்கு முப்பது ஜிபி சுமார்தான் வருது.

பிப்ரவரி 5, திங்கள்

3:25 தாண்டிடுச்சு. 22வது நிமிஷத்துல டுடுங். போச்சு.

பிப்ரவரி 7, புதன்

டுடுங் பத்தி. இது சாஃப்ட்வேர் நிக்கிறது இல்ல, குச்சியே யூஎஸ்பியில இருந்து விழுந்து எழுந்திருக்குது. நேரம் ஒரே மாதிரி இல்ல, 22 நிமிஷம், 9 நிமிஷம், 31 நிமிஷம். தொட்டுப் பார்த்தா குச்சி நல்ல சூடு, இட்லி குண்டான் மூடி மாதிரி.

இதுவரைக்கும் பண்ணினது:

பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்னு ஒண்ணு இருக்கு, அதை ஆஃப் பண்ணேன். டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு ரூட் ஹப்புக்கும் உள்ள போயி பவர் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்ங்கிற டிக்கை எடுத்தேன். பிரயோசனம் இல்ல, ஆனா எப்படியும் பண்ண வேண்டியதுதான்.

அப்புறம் ஹப். குச்சியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நாலு ஓட்டை ஹப்புல இருந்தது. தனியா பவர் அடாப்டர் இல்லாத ஹப். யூஎஸ்பி 2 ஓட்டை ஒண்ணுக்கு 500 மில்லி ஆம்பியர்தான், அதை ஹார்ட் டிஸ்க்கும் குச்சியும் பங்கு போட்டா யாராவது ஒருத்தர் பட்டினி. கரண்டு மட்டும் இல்ல, பாதையும் பிரச்சினை. 480 மெகாபிட்னு அட்டையில போட்டிருப்பாங்க, ஆனா நிக்காம ஓடிட்டே இருக்கிற வீடியோ மாதிரி டேட்டாவுக்கு யூஎஸ்பி 2ல ஒரு கருவிக்கு கிடைக்கிற உச்சம் செகண்டுக்கு 24.5 மெகாபைட். குச்சி ஒண்ணே 20.7 கேக்குது. அதாவது ரோட்டை முழுசா அடைச்சுக்கிட்டு போற கரும்பு லாரி, பக்கத்துல ஒரு டிவிஎஸ் 50 நுழைஞ்சாலும் இடிக்கும். அந்தப் பக்கம் பார்த்தா ஓபிஎஸ்ங்கிற இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல வெப்கேமையும் ஒரு சீன்ல விட்டு வச்சிருந்தேன் நான். லேப்டாப்புக்குள்ள இருக்கிற வெப்கேமும் உள்ளுக்குள்ள யூஎஸ்பிதான். எங்கப்பா தாலி கட்டுறப்ப ஓரத்துல என் மூஞ்சி எதுக்கு.

ஹப்பைத் தூக்கிட்டு குச்சியை லேப்டாப்புல நேரா சொருகியாச்சு, ஹார்ட் டிஸ்க் எதிர்ப்பக்க ஓட்டையில. வெப்கேம் ஆஃப். பச்சைத் திரை போயிடுச்சு. டுடுங் போகல.

பிப்ரவரி 10, சனி, மதியம்

கண்டுபிடிச்சாச்சு!! சூடுதான். டேபிள் ஃபேனை எடுத்து குச்சிக்கு நேரா வச்சேன், 38 நிமிஷம் ஒரு இடறல் இல்லாம ஓடுச்சு. சூடுன்னு சந்தேகப்பட்டவன் முதல்லயே ஃபேனை வச்சிருக்கணும். எல்லாரும் ஃபேன் வைங்க. முடிஞ்சது கதை.

பிப்ரவரி 10, சனி, சாயங்காலம் 6 மணி

கதை முடியல. ஃபேன் ஓடிட்டுதான் இருக்கு, டுடுங் வந்துடுச்சு.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேத்து மதியம் ஃபேன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். கொஞ்சம் பெருசா எழுதுறேன், ஏன்னா இதுல நான் ஏமாந்த விதம் அப்படி.

எங்க வீட்டு ஹால்ல ஜங்ஷன் பாக்ஸ்ல மூணே பிளக்கு. டெக், டிவி, லேப்டாப் சார்ஜர். மதியம் ஃபேன் போட இடம் இல்லாம சார்ஜரைப் பிடுங்கிட்டு ஃபேனைச் சொருகினேன். 38 நிமிஷம் நல்லா ஓடுச்சு. சாயங்காலம் பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு டிவியைப் பிடுங்கிட்டு சார்ஜரை மாட்டினேன், ஃபேன் அப்படியே ஓடுது. கால் மணி நேரத்துல டுடுங். அப்ப ஃபேனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சார்ஜர்தான். ராத்திரி பூரா உட்கார்ந்து மாத்தி மாத்தி போட்டுப் பார்த்தேன், ஃபேன் இல்லாம பேட்டரியில போட்டா சுத்தம். ஃபேனோட சார்ஜர்ல 11 நிமிஷம், டுடுங்.

என் சார்ஜர் ரெண்டு பின், எர்த் இல்லாதது. சார்ஜர் போட்டிருக்கிறப்ப லேப்டாப் ஓரத்து உலோகத்தைத் தொட்டா லேசா சுர்ருன்னு இழுக்கும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தக் கசிவு எங்கயாவது போகணும்ல, ஏவி கேபிளோட வெளிச்சுத்து வழியா டெக்குக்குப் போகுது. படத்துல மெல்லிசா ரெண்டு பட்டை கீழ இருந்து மேல ஏறிட்டே இருந்ததே, அதைக் கேசட்டுப் பழசுன்னு நினைச்சேன், அது கரண்டு. பேட்டரியில போட்டதும் பட்டையும் போச்சு.

ஆனா கசிவு எப்பவும் இருக்கு, டுடுங் எப்பவாவதுதானே வருது? அதுக்கும் விடை அம்மாதான் சொன்னாங்க, தெரியாமலே. “மோட்டாரைப் போட்டாலே உன் பொட்டி கத்துதுடா”ன்னாங்க. ஓடிப்போய் மோட்டார் போட்டேன். டுடுங். அணைச்சேன், ஒண்ணும் ஆகல, திரும்பப் போட்டேன், டுடுங். கீழ் வீட்டுக்காரங்களும் அதே லைன்ல மோட்டார் வச்சிருக்காங்க, அவங்க எப்ப தண்ணி ஏத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும், அதான் 9, 22, 31ன்னு கணக்கே இல்லாம வந்திருக்கு. மோட்டார் கிளம்புற நொடியில அடிக்கிற அதிர்வு அந்தக் கேபிள் வழியா குச்சியை ரீசெட் பண்ணுது, என் புரிதல் இதுதான். பேட்டரியில இருக்கிறப்ப மோட்டார் போட்டா படம் ஒரு கணம் நெளியுது, அவ்வளவுதான், குச்சி விழல.

இப்ப மேல் தொட்டி, கீழ் தொட்டி, அண்டா, குடம் எல்லாம் நிரம்பி வழியுது. பரிசோதனைக்கு.

பிப்ரவரி 12, திங்கள்

கடையில மூணு பின் சார்ஜர் வயர் கிடைச்சா எர்த் வந்துடும்ல, பேட்டரி தேவையில்லையேன்னு ஒரு யோசனை வந்து தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹால் பிளக்கைப் பார்க்கச் சொன்னேன். எர்த் ஓட்டை இருக்கு, அதுக்குப் பின்னாடி ஒயரே இல்ல. வீடு கட்டி இருபத்தஞ்சு வருஷம். வாஷிங் மெஷின் இதே லைன்லதான் ஓடுது. வீடியோவை ரெண்டு நாள் தள்ளி வச்சுட்டு முதல்ல இதைப் பண்ணச் சொல்லியிருக்கேன்.

பிப்ரவரி 17, சனி

எர்த் போட்டாச்சு. நாலாயிரம் ரூபா. 450 ரூபா குச்சியில ஆரம்பிச்சது.

டிரைவர் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க, அதையும் சொல்லிடறேன். குச்சி மேல என்ன பேர் அடிச்சிருந்தாலும் நம்பாதீங்க, ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள வேற வேற சிப் வச்சு வருது. என் மூணும் வெளியில ஒரே அச்சு, உள்ள மூணும் மூணு ஜாதி. டிவைஸ் மேனேஜர்ல ஹார்டுவேர் ஐடி பாருங்க, 05ஈ1:0408ன்னா எஸ்டிகே1160, 1பி71:3002ன்னா யூடிவி007. அதைப் பார்த்துதான் டிரைவர் தேடணும். கூட வந்த குட்டி சிடியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, என் லேப்டாப்புல சிடி போடுற இடமே கிடையாது. தெரிஞ்ச பையனோட உபுண்டு லேப்டாப்புல சொருகினேன், டிரைவரே கேக்காம வேலை செஞ்சது, இந்த ரெண்டு சிப்புக்கும் லினக்ஸ் கர்னல்லயே பத்து வருஷத்துக்கும் மேல டிரைவர் இருக்கு. விண்டோஸ் செக்யூரிட்டியில கோர் ஐசொலேஷனுக்குள்ள மெமரி இன்டக்ரிட்டி ஆன்ல இருந்தா பழைய டிரைவரை உள்ளயே விடாது. அப்புறம் பிரைவசியில கேமரா, மைக் ரெண்டுக்கும் டெஸ்க்டாப் ஆப்ஸ் அனுமதி குடுக்கணும். இல்லைன்னா குச்சி நல்லா இருக்கும், படம் மட்டும் வராது. ரெண்டாவது குச்சியை செத்ததுன்னு நான் முடிவு கட்டினது இதனாலதான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

41வது நிமிஷம்.

எர்த் இருக்கு, ஹப் இல்ல, மோட்டார் ஆஃப், ஃபேன்கூட இருக்கு (விடல). 41வது நிமிஷத்துல படம் உறைஞ்சு நின்னுடுது. டுடுங் இல்ல, குச்சி அங்கயேதான் இருக்கு, ஆனா வர்ச்சுவல்டப்புல டிராப்டு ஃப்ரேம் (வந்து சேராம தொலைஞ்ச படம்) எண்ணிக்கை கிறுகிறுன்னு ஏறுது, அப்புறம் ஒரேயடியா நிக்குது. மூணு குச்சியிலயும் பார்த்தேன். மூணும் 41.

இந்தத் தடவை நான் ஃபைல் சிஸ்டத்தை ரெண்டு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 18, இன்னும் கொஞ்சம்

குச்சியைக் கழட்டிட்டு டெக்கை நேரா டிவியில போட்டுப் பார்த்தேன். இதை முதல் நாளே பண்ணியிருக்கணும், ஆனா கேசட்டு தேயும்னு பயந்து டிவியில ஓட்டிப் பார்க்கவே இல்ல. 41வது நிமிஷத்துல ஐயர் தேங்காயை எடுக்கிறார், நாதஸ்வரக்காரர் உப்புறார், படார்னு மழை மாதிரி புள்ளி, நீலத் திரை, அப்புறம்...

ஒலியும் ஒளியும்.

அந்தக் காலத்துல வெள்ளிக்கிழமை தூர்தர்ஷன்ல வந்த அதே ஒலியும் ஒளியும், சினிமாப் பாட்டு. ரெண்டே முக்கால் பாட்டு. அப்புறம் திரும்ப புள்ளி, நீலம், பந்தியில சாம்பார் ஊத்துறாங்க.

பிப்ரவரி 19, திங்கள்

சிரிப்பும் வருது கடுப்பும் வருது. வீட்டுல நேத்து ராத்திரி நடந்தது தனிக்கதை. அது கடைசியில.

இந்த இடத்துல குச்சி ஏன் சாகுதுன்னு புரிஞ்சுக்கிறதுக்கு உறையூர்ல எங்களுக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்ட்ட போனேன். அந்தக் காலத்துல வீடியோ மிக்ஸிங் ஸ்டுடியோ வச்சிருந்தவர், மாப்பிள்ளை பொண்ணு முகத்தை ஹார்ட்டுக்குள்ள வச்சு சுத்த விடுவாங்களே, அந்த வேலை. இப்ப அதே கடையில ஜெராக்ஸ், ஃப்ளெக்ஸ். அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன்.

டெக்குக்குள்ள ஹெட்டு டிரம்மு நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துது, ஒரு சுத்துக்கு ஒரு முழுப் படம். ஒவ்வொரு கோடும் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற சிங்க் சமிக்ஞை கேசட்டுலயே பதிஞ்சிருக்கு. ஒரு ரெக்கார்டிங் மேல இன்னொண்ணை நடுவுல பதிஞ்சா, பழசும் புதுசும் ஒட்டுற இடத்துல அந்தக் கணக்கு அறுந்துபோகும். வீட்டு டெக்குல முழு அகலத்தையும் அழிக்கிற ஹெட்டு டிரம்முக்கு முன்னாடி தள்ளி தனியா நிக்கும், அதனால ஆரம்பத்துலயும் முடியிற இடத்துலயும் கொஞ்ச தூரம் குப்பையாத்தான் இருக்கும். பழைய டிவி பொட்டி இதையெல்லாம் பொறுத்துக்கும், ஒரு உதறு உதறிட்டு அடுத்த படத்தைப் பிடிச்சுக்கும். குச்சியில இருக்கிற சிப்பு கோடு எங்கன்னு தேடி, கிடைக்காம, ஃப்ரேம் அனுப்புறதையே நிறுத்திடும். சாஃப்ட்வேர் காத்திருந்து காத்திருந்து தூங்கிடும்.

“தம்பி, குச்சி மேல தப்பில்ல, அதுக்கு நீ போட்டது பழைய சோறு, அது கேக்குறது எண்ணி வச்ச பருக்கை”ன்னார்.

வழி என்னன்னா டெக்குக்கும் குச்சிக்கும் நடுவுல ஒண்ணு உட்காரணும், எது வந்தாலும் வாங்கி, நேராக்கி, எண்ணிக்கை தப்பாம அனுப்புற மாதிரி. டைம் பேஸ் கரெக்டர்னு அதுக்குன்னே கருவி இருக்கு, விலை கேட்டா மயக்கம் வரும். ஏழைக்கு டிவிடி ரெக்கார்டர். ப்ளேயர் இல்ல, ரெக்கார்டர். டெக்கை அதுக்குள்ள குடுத்து, அதோட அவுட்புட்டைக் குச்சிக்குக் குடுத்தா, சில மாடல் உள்ளயே படத்தை டிஜிட்டலா மாத்தி புது சிங்க் போட்டு அனுப்புது. அண்ணன்ட்ட அப்படி ஒண்ணு பரண்ல இருந்தது. டிவிடி தட்டு திறக்கவே திறக்காது, ஆனா நமக்கு அது வேண்டாம்.

இன்னொண்ணும் சொன்னார், டெக் மெனுவுல ப்ளூ பேக்கை ஆஃப் பண்ணுன்னு. சிக்னல் லேசா பிசகினாலே டெக் நீலத்தைப் போட்டு உள்ள இருக்கிற நல்ல படத்தையும் மறைச்சுடும்.

பிப்ரவரி 21, புதன்

ஒரு இடைச்செருகல். நேத்து டிவிடி ரெக்கார்டர் மாட்டினேன், படம் பூரா பனி. சத்தம் மட்டும் நல்லா வருது. ரெக்கார்டர் போச்சு, குச்சி போச்சு, லேப்டாப் போச்சுன்னு வழக்கம்போல ஆரம்பிச்சு, அப்புறம் அடங்கி, டிவியில நேரா போட்டேன். அங்கயும் பனி. ஹெட்டு அடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆர்வக்கோளாறுல அக்கா காதுகுத்து கேசட்டையும் ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தேன், அதோட சன்னல் வழியா பார்த்தா சுருள் ஓரத்துல வெள்ளையா பொடி. பூஞ்சை. மழைக்காலத்துல பீரோவுக்குள்ள இருந்தது. அந்தப் பொடி ஹெட்டுல ஏறிடுச்சு.

சுத்தம் பண்றதுக்கு கடையில கிடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹால், வெள்ளைத்தாள் ஒரு துண்டு. தாளை நனைச்சு டிரம்மு மேல அழுத்தாம ஒட்டிப் பிடிச்சுக்கணும், இன்னொரு கையால டிரம்மை மேல் பக்கமா தொட்டு மெதுவா சுத்தணும். தாளை மேல கீழ தேய்ச்சீங்கன்னா ஹெட்டோட நுனி உடைஞ்சுடும், அப்புறம் டெக்கை எடைக்குத்தான் போடணும். 2016ல கடைசியா டெக் செஞ்சிட்டு இருந்த ஜப்பான் கம்பெனியும் நிறுத்திட்டாங்க, புதுசு கிடையாது. பஞ்சு போடாதீங்க, நூல் சிக்கும். மூணு தாள் கறுப்பா வந்தது, நாலாவது வெள்ளை. படமும் வந்துடுச்சு.

பூஞ்சை கேசட்டை தனியா பாலித்தீன் கவர்ல கட்டி வச்சிருக்கேன். அதைத் தொடுறது அடுத்த ஜென்மம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

முழுசா ஓடிடுச்சு. 2 மணி 52 நிமிஷம். டிராப்டு ஃப்ரேம் 3. ஒலியும் ஒளியும் உட்பட.

ஓட்டுறதுக்கு முன்னாடி கேசட்டை ஒருதடவை கடைசி வரைக்கும் முன்னால சுத்தி, திரும்ப பின்னால சுத்தினேன், வருஷக்கணக்கா ஒரே இறுக்கத்துல கிடந்த சுருள் கொஞ்சம் சமமாகும்னு அண்ணன் சொன்னார். லேப்டாப் இப்ப மூணு பின் சார்ஜர்ல.

பிப்ரவரி 26, திங்கள்

சந்தோஷத்துல ஒண்ணு விட்டுட்டேன். இதுக்கு முந்தி பாதி பாதியா எடுத்து வச்சிருந்த ஃபைல்ல ஒண்ணை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், அவர் பாட்டுக்கு தாலி கட்டி மூணு முடிச்சும் போட்டு கையை எடுத்துட்டார், நாலு செகண்டு கழிச்சுதான் கெட்டிமேளம் வருது. “மேளக்காரன் அன்னிக்கு அசந்துட்டானா”ன்னு கேக்குறார். அசந்தது மேளக்காரர் இல்ல. நூறு ஃப்ரேம் தொலைஞ்சா 25க்கு ஒரு செகண்டுன்னு படம் நாலு செகண்டு குட்டையாகும், சத்தம் அதே நீளம், அதான் படம் முன்னால ஓடுது. டிராப்டு ஃப்ரேமை பெருசா எடுத்துக்காதீங்கன்னு எங்கயோ படிச்சேன். எடுத்துக்கோங்க.

(தாலி கட்டுறது 36வது நிமிஷம். 41ல வர்றது அதுக்கப்புறம் உள்ள சடங்கு. பல பேர் பதறிட்டீங்க, தாலி தப்பிச்சது.)

மார்ச் 3, ஞாயிறு

கேட்டுட்டே இருக்கீங்க, சரி, வீட்டுக்கதை.

எங்க வீட்டுல முப்பது வருஷத்துக்கு மேலா ஒரு வழக்கு ஓடுது. எங்க பெரியப்பா கல்யாணத்துக்கு எப்ப வந்தார்னு. ஏதோ பத்திரிகையில பேர் போட்ட வரிசையில கோவிச்சுக்கிட்டு முகூர்த்தம் முடிஞ்சப்புறம்தான் கரூர்ல இருந்து வந்தார்ங்கிறது அம்மா கட்சி. அண்ணன் காலையிலயே வந்துட்டார், பின்னாடி நின்னுட்டு இருந்தார், முகூர்த்தம் முடிஞ்சதும் முதல் ஆளா மேடை ஏறி ஆசீர்வாதம் பண்ணினார்ங்கிறது அப்பா கட்சி. கேசட்டுல இருக்குன்னு ரெண்டு பேருமே சத்தியம் பண்ணுவாங்க. டெக் ரிப்பேர், அப்புறம் டிவி மாறிடுச்சுன்னு யாரும் போட்டுப் பார்க்கல.

ஆசீர்வாதம் பண்ற இடத்துலதான் ஒலியும் ஒளியும்.

கேசட்டு முதுகுல ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லு இருக்கும், அதை உடைச்சுட்டா மேல எதையும் பதிய முடியாது. கல்யாண வீடியோ குடுக்கிறவங்க உடைச்சுத்தான் குடுப்பாங்க. எங்களோடதும் உடைச்சுத்தான் இருக்கு. அந்த ஓட்டை மேல செல்லோ டேப். மஞ்சளாகி, கருகி, ஓரம் சுருண்டு, ஆனா கச்சிதமா ரெண்டு மடிப்பு மடிச்சு ஒட்டின செல்லோ டேப். அம்மா அதை என்கிட்ட இருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. எங்க வீட்டுல செல்லோ டேப்பை ரெண்டு மடிப்பு மடிச்சு ஒட்டுற ஆள் ஒருத்தர்தான், கரண்டு பில்லு ஃபைல் எடுத்துப் பாருங்க தெரியும்.

அப்பா பேப்பர் படிச்சுட்டு இருந்தார். திருப்பல, அதே பக்கம்.

“உங்கண்ணன் வரலைன்னு தெரிஞ்சுதானே மேல பாட்டைப் பிடிச்சீங்க”ன்னு அம்மா. “எனக்கென்னடி தெரியும், வேற கேசட்டு இல்ல அன்னிக்கு, வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு எந்தக் கடை கேசட்டுக்கு ஓடுறது”ன்னு அப்பா. அதாவது ஒத்துக்கிட்டார்.

மார்ச் 4, திங்கள்

பந்தியைப் பார்த்தியான்னு ஒருத்தர் கேட்டார். பார்த்தேன். ஃப்ரேம் ஃப்ரேமா. நீலத்திரைக்கு அப்புறம் முதல் பந்தி, வரிசையா எல்லார் இலையிலயும் சாம்பார் ஊத்திட்டே வர்றாங்க, கேமரா நகருது, கடைசியில பெரியப்பா. அவர் மட்டும் மோர் சாதத்துல இருக்கார்.

அப்ப எல்லாருக்கும் முன்னாடி உட்கார்ந்திருக்கணும்ல, அப்படின்னா சீக்கிரமே வந்துட்டார்னு அப்பா துள்ளினார். அம்மா திரும்பக்கூட இல்ல. “சாப்பாட்டுக்கு சீக்கிரம் வந்துட்டார்னு நான் எப்ப இல்லைன்னேன்”ன்னாங்க.

மார்ச் 10, ஞாயிறு

விசேஷத்துக்கு இறுதி ஃபைல் ரெடி. கைவளையல் ஆடுற இடமெல்லாம் சீப்பு சீப்பா கோடு தெரிஞ்சது, அது இன்டர்லேஸ், ஒரு படத்தை ஒத்தைக் கோடு, ரெட்டைக் கோடுன்னு ரெண்டு பாதியா பதியிறது. அதைச் சரிபண்றப்ப (டீஇன்டர்லேஸ்) செகண்டுக்கு 25 ஆக்கிடாதீங்க, 50 ஃப்ரேமா வைங்க, அப்பதான் அசைவு பழைய டிவியில பார்த்த மாதிரி வழவழன்னு இருக்கும். எச்264ங்கிற சுருக்கு முறையில 6 ஜிபி சுமார். ஹஃப்யுவ்ல எடுத்த மூல ஃபைல் 86 ஜிபி, ரெண்டு டிஸ்க்குல தனித்தனியா. ஒலியும் ஒளியும் பகுதியை வெட்டலாம்னு பார்த்தேன், அம்மா வெட்டக்கூடாதுன்னுட்டாங்க. விசேஷத்துல கரூர்க்காரங்க எல்லாரும் உட்கார்ந்து பார்க்கணுமாம்.

மார்ச் 12, செவ்வாய்

எந்தக் குச்சியில கடைசியா எடுத்தேன்னு கேட்டவருக்கு: முதல்ல வாங்கின 450 ரூபா குச்சி. மத்த ரெண்டும்கூட இப்ப நல்லாத்தான் ஓடுது, சோதிச்சுட்டேன். உறையூர் பக்கம் யாருக்காவது வேணும்னா எடுத்துக்கலாம், காசு வேண்டாம். 1200 ரூபா குச்சியில மஞ்சள் ஓட்டை கொஞ்சம் லூசு, ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டிக்கணும். ஃபேன் தர மாட்டேன்.